வாசகர் கேள்வி – பதில்: ஐ.நா. அமைதிப்படை

ஐ.நா. அமைதிப்படைக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லி ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார். பி.ஏ. முடித்த மகனைச் சேர்க்கலாமா? (திருமங்கலம் வாசகர்)

ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை கிடையாது. உறுப்பு நாடுகள்தான் தங்கள் ராணுவத்தையும் காவல் படையையும் அனுப்புகின்றன. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களே போக முடியும். அதுவும் பெரும்பாலும் பட்டாலியன் பட்டாலியனாக. ஒரு வீரருக்கு மாதம் 1,448 டாலர் என்று 2022-ல் ஐ.நா. நிர்ணயித்த தொகை அரசுக்குத்தான் போகும், வீரரின் கைக்கு அல்ல. 

சிவிலியன் வேலைகள் உண்டு. அவற்றுக்கு ஐ.நா.வின் வேலைவாய்ப்பு இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் கட்டணம் கிடையாது. ஆன்லைனில் பணம் அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

1994-ல் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்தபோது, துப்பாக்கி இருந்தும் ஐ.நா. வீரர்கள் ஏன் கை கட்டி நின்றார்கள்? (மேலூர் கல்லூரி மாணவி)

ஐ.நா. பாதுகாப்பு மன்றத் தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் படை செய்யலாம். ருவாண்டாவுக்கு 1993-ல் போன படையின் வேலை, அரசும் கிளர்ச்சிப் படையும் கையெழுத்திட்ட சமாதான உடன்படிக்கையை மேற்பார்வையிடுவது. சண்டை போடுவது அல்ல. 1994 ஜனவரியில் ஆயுதக் கிடங்கு பற்றித் துப்பு கிடைத்ததும், அதைக் கைப்பற்றப்போவதாகப் படைத்தலைவர் டலேர் நியூயார்க்கிலுள்ள ஐ.நா. தலைமையகத்துக்குத் தந்தி அடித்தார். வேண்டாம் என்று பதில் வந்தது.

ஏப்ரல் 7 அன்று பெல்ஜிய வீரர்கள் 10 பேர் கொல்லப்பட்டார்கள். பெல்ஜியம் தன் ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. கொலைகள் உச்சத்தில் இருந்த ஏப்ரல் 21 அன்று, சுமார் 2,500 பேர் கொண்ட படையை 270 ஆகக் குறைக்க மன்றம் தீர்மானித்தது! மே மாதம் 5,500 பேரை அனுப்பச் சம்மதித்தார்கள், ஆனால் வீரர் தர முன்வந்த நாடுகளிடம் வண்டி இல்லை, வண்டி வைத்திருந்த நாடுகள் அசைந்துகொடுக்கவில்லை. நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேர் செத்தார்கள். அப்போதும் தலைநகர் கிகாலியின் விளையாட்டரங்கில் தஞ்சம் புகுந்த ஆயிரக்கணக்கானவர்களை எஞ்சிய வீரர்கள் காத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், குற்றம் களத்தில் நின்றவர்களைவிட மன்றத்தில் ஓட்டுப் போட்டவர்கள் மேல்தான்.

பொதுமக்களைக் காக்கப் பலத்தைப் பயன்படுத்தலாம் என்று தீர்மானத்திலேயே எழுதும் வழக்கம் 1999-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில்தான் தொடங்கியது.

1987-ல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையும் இப்படிப்பட்டதுதானா? (ஆனையூர் வாசகர்)

இல்லை. அது ராஜீவ் – ஜெயவர்த்தனா ஒப்பந்தப்படி போன படை. பாதுகாப்பு மன்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சண்டையிடும் தரப்புகளின் சம்மதம், நடுநிலை, தற்காப்புக்கும் பணிக்கும் மட்டுமே பலப்பிரயோகம் என்பவை ஐ.நா. வகுத்த மூன்று விதிகள். 1987 அக்டோபரில் புலிகளோடு போர் மூண்டபோது முதல் இரண்டும் போய்விட்டன. அதே மாதம் 21-ந் தேதி யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் ஊழியர்களும் இந்தப் படையினரால் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது இந்திய வீரர்கள் 1,100-க்கும் அதிகமானோர் இறந்திருந்தார்கள்.

அது ஐ.நா. படையாக இருந்திருந்தால் இந்தக் கொலைகளுக்குத் தண்டனை கிடைத்திருக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தவறு செய்த வீரரை ஐ.நா. ஊருக்குத் திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான். வழக்கு நடத்துவது அவருடைய நாட்டின் கையில். இதில்தான் பெரும்பாலான புகார்கள் நீர்த்துப்போகின்றன.

வந்த படையை 'போ' என்று ஒரு நாடு சொல்ல முடியுமா? (உசிலம்பட்டி வாசகர்)

முடியும். எகிப்து 1967-ல் சொன்னது. சில வாரங்களில் இஸ்ரேலுடன் போர் மூண்டது. மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலி 2023 ஜூனில் சொன்னது. அந்த டிசம்பருக்குள் மூட்டை கட்டியாயிற்று.