முன் வாங்கில் இருப்பவரும் மதிலோரம் நிற்பவளும்

கேள்வி: அக்கா, நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம். 2009இல் ஓடத் தொடங்கி, கடைசியில் செட்டிகுளம் முகாமில் கிடந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தால், எங்களுக்கு முந்தி வந்த கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் வேலியை எங்கள் பக்கம் தள்ளி அடைத்திருந்தார். பன்னிரண்டு தென்னை அவர் பக்கம் போய்விட்டது. மாமாவின் பெயரில் இருந்த பேர்மிட் (அரசாங்க அனுமதிப் பத்திர) காணி அது. கணவருக்கு இடுப்பில் இன்னும் செல் (எறிகணை) துண்டு இருக்கிறது, பாரம் தூக்க ஏலாது. அந்த அண்ணனுக்கோ டிராக்டர், மாடி வீடு, கோயிலில் முன் வாங்கு. திருநாள் சாப்பாடு அவர்தான் கொடுப்பார், மைக்கில் பெயர் வாசிப்பார்கள். செபக் கூட்டத்தில் ஒரு அக்கா, உங்கள் குடும்பத்தில் ஏதோ பழைய பாவம் இருக்கிறது, அதுதான் எழும்ப விடுகுதில்லை என்று சொன்னா. மூன்று மாதமாக நான் பூசைக்கு உள்ளே போவதில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு மதிலோரம் நிற்கிறேன். கடவுளோடு கோபிப்பது பாவமா? இன்னொன்று, வாற திருநாளுக்கு அந்தச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளை விடலாமா?

பெயர் வேண்டாம், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: தங்கச்சி, முதலில் அந்தச் செபக் கூட்ட அக்காவின் கதையை முடித்துவிடுவோம், வாசித்த எனக்கே பற்றி எரிகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று பதிலையும் இயேசுவே சொல்லிவிட்டார். லூக்கா 13ஆம் அதிகாரம், அந்த அக்காவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவவின் கணக்குப்படி பார்த்தால் முள்ளிவாய்க்காலில் செத்த சனமெல்லாம் பாவிகள், தப்பி வந்த நானும் நீங்களும் புண்ணியவாளர்கள். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லையா? வேதாகமத்தில் குற்றமில்லாமல் எல்லாம் இழந்த யோபுவின் கூட்டாளிகளும் இப்படித்தான். ஏழு நாள் இரவு பகலாக அவரோடு நிலத்தில் குந்தியிருந்தார்கள், ஒரு சொல் பேசவில்லை, அதுவரைக்கும் நல்ல மனிதர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதோடு கெட்டது. கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபிப்பது அவர்களைத்தான், அவ்வளவு நேரமும் கடவுளோடு வாதாடிய யோபுவை அல்ல.

சரி, என் கதை கொஞ்சம். 2009இல் நான் வலைஞர்மடத்தில் ஒரு பதுங்குகுழிக்குள் இருந்தேன். பின்னேரமானால் நாங்கள் செபமாலை சொல்லுவோம், பக்கத்துக் குழியிலும் சொல்லுவார்கள், சில நேரம் அவர்களுடைய அருள்நிறை மரியே எங்களுடையதோடு சேர்ந்து கேட்கும். ஒருநாள் செல் அவர்களுடைய குழிக்கு மேல் விழுந்தது. அதே செபம், அதே நேரம், இடையில் பத்து அடி. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் மேடையில் ஏறி, செபமாலைதான் என்னைக் காப்பாற்றியது என்று சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன், அவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அந்த வாய் வரவே இல்லை. சொன்னால் அந்தக் குழியில் இருந்தவர்களுக்கு என்ன பதில்? நாலைந்து வருடம் நான் கோயில் பக்கம் போகவில்லை. மூன்று மாதம் மதிலோரம் நிற்கும் நீங்கள் என்னைவிட எவ்வளவோ மேல்.

திரும்பிப் போனதற்குக் காரணம் விளக்கம் கிடைத்தது என்று நினைக்காதீர்கள். விளக்கம் இன்றைக்கும் இல்லை. கோபத்தை வைத்துக்கொண்டு வேறு யாரிடம் போவது என்று தெரியாமல்தான் போனேன். சுவரோடு எவ்வளவு நாளைக்குச் சண்டை பிடிக்கிறது? எனக்கு விசுவாசம் தந்தது சண்டை பிடிக்க ஓர் ஆளை. அந்த ஆளும் சிலுவையில் தொங்கிக்கொண்டு ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டவர், அவருக்கும் அந்த நேரம் மேலேயிருந்து பதில் வரவில்லை.

ஆகவே கோபிப்பது பாவமா என்றால், இல்லை. திருப்பாடல் 73ஐ எடுத்துப் பாருங்கள், நீங்கள் எழுதிய கடிதம் அங்கேயே இருக்கிறது. ஆசாபு என்பவர் கெட்டவர்களின் செழிப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக் கால் வழுக்கப் பார்த்தேன் என்கிறார், அவர்களுக்கு ஒரு நோவு இல்லை, உடம்பெல்லாம் கொழுப்பு என்று நம் ஊர்க் கிணற்றடியில் கதைப்பது போலவே புறுபுறுக்கிறார், நான் நேர்மையாக இருந்தது வீண் என்றும் சொல்லிவிடுகிறார். 17ஆம் வசனத்தில்தான் அவர் கோயிலுக்குள் போகிறார். பிரசங்கம் வைப்பவர்கள் நேரே அந்த வசனத்துக்குத் தாவுவார்கள், முதல் 16 வசனமும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது என்பதை மறந்துபோய். 88ஆம் திருப்பாடலுக்கு அப்படி ஒரு திருப்பம்கூட இல்லை, இருட்டிலேயே முடிகிறது. அதையும் பூசைப் புத்தகத்தில் வைத்திருக்கிற சபை உங்கள் கோபத்தைத் தாங்காதா?

எங்கள் அம்மா ஒன்று சொல்லுவா. 2008 சித்திரையில் சண்டை நெருங்கி மடு மாதாவின் சுரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோன செய்தி வந்தபோது, பாவம், மாதாவும் மூட்டை கட்டிவிட்டா என்றா. ஆவணியில்தான் சுரூபம் திரும்பியது. அப்போது எனக்கு அது நகைச்சுவையாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், காவல் இருக்க வேண்டியவளே எங்களோடு ஓடினாள் என்ற நினைப்பு மற்ற எந்தப் பிரசங்கத்தையும்விட எனக்கு ஆறுதலாக இருக்கிறது, ஏனென்று கேட்காதீர்கள்.

இனி வேலி விஷயம். இடுப்புக்குள் இருக்கும் செல் துண்டுக்கு விலாசம் இல்லை. வேலிக்கு விலாசம் இருக்கிறது, அதைப் போய் ஏன் கடவுளின் தலையில் போடுகிறீர்கள்? பேர்மிட் காணி அரச காணி. உறுதி எழுதிய தனியார் காணி என்றால் பத்து வருடம் ஆண்டேன், எனக்குத்தான் என்று கேட்க இடமுண்டு, அரச காணியில் அந்தக் கதை எடுபடாது. மாமா உயிரோடு இல்லையென்றால் பின்னுரித்தாளராக யார் பதிவாகியிருக்கிறார் என்று பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் முதலில் பாருங்கள், பேர்மிட் முகாமில் தொலைந்திருந்தாலும் அங்கே பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். ஜி.எஸ்ஸிடம் (கிராம சேவகரிடம்) வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லையை நில அளவையாளர்தான் காட்ட வேண்டும், ஊர்ப் பெரியவர்களின் ஞாபகம் அல்ல. மத்தியஸ்த சபைக்கும் போகலாம், காசு இல்லை, உங்களுக்காகப் பேச வக்கீலும் தேவையில்லை, சொந்தக்காரரோடு கோர்ட் ஏறாமல் முடிப்பதற்கு அது நல்ல இடம். அதிலும் சரிவராவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

அலைய வைப்பார்கள், தெரியும். லூக்கா 18இல் வரும் கைம்பெண்ணும் அலைந்தவள்தான், நீதிபதி நல்லவன் ஆனதால் அவளுக்கு நீதி கிடைக்கவில்லை, அவளுடைய தொல்லை தாங்காமல் கொடுத்தான். கிளிநொச்சியில் 20.02.2017 அன்று கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிக் குந்தத் தொடங்கிய தாய்மாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இன்னும் பதில் வரவில்லை, அதற்காக அவர்கள் எழும்பிப் போய்விடவும் இல்லை.

மன்னிக்கச் சொல்லி யாராவது வருவார்கள். நல்லது, மன்னியுங்கள், வெறுப்பைச் சுமந்தால் உங்களுக்குத்தான் நித்திரை போகும், ஆனால் மன்னிப்புக்கும் வேலிக்கும் சம்பந்தமில்லை. வரி வசூலித்த சக்கேயு ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்று சொன்ன பிறகுதான், இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்றார் இயேசு. வருடத்தில் ஒரு நேரம் ஊருக்குச் சோறு போடுகிறேன் என்று அவன் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

உள்ளே எப்போது போவது என்பது உங்கள் இஷ்டம். மதிலோரத்திலும் பூசை கேட்கும். பங்குத்தந்தையை மட்டும் ஒரு கிழமைநாளில் தனியாகக் கண்டு இதை அப்படியே சொல்லுங்கள், வேலியையும் சேர்த்து. மைக்கில் யாருடைய பெயர் போகிறது என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு விடுங்கள், தடுக்காதீர்கள். அந்தக் கறிக்குப் பால் பிழிந்ததில் பாதித் தேங்காய் உங்கள் மரத்துத் தேங்காய்தானே.