இருட்டுமுன் எங்கே சேர்வது? பயணக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி டிசம்பர் லீவைப் பற்றியவை. மீதி, பையை முதுகில் மாட்டிக்கொண்டு வெளிநாடு கிளம்பும் பிள்ளைகளைப் பற்றியவை. அவற்றை எழுதியவர்கள் பிள்ளைகள் இல்லை, அம்மாக்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருபது வருடத்துக்கு மேல் மினிபஸ் ஓட்டி ஊர் ஊராக ஆட்களை அழைத்துப் போனவன் என்ற தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

டிசம்பரில் இரண்டு காரில் ஒன்பது பேர் கேப்டவுன் போகிறோம். 78 வயது ஆயாவும் இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் மறுநாள் சாயங்காலம் போய்விடலாம் என்கிறார் என் மச்சான். முடியுமா? (சாட்ஸ்வர்த் வாசகி)

முடியும். அப்படிப் போய்ச் சேர்ந்ததைப் பெருமையாகச் சொல்பவர்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர். போய்ச் சேராதவர்கள் கதை சொல்ல வருவதில்லை.

எந்த வழியில் போனாலும் 1,600 கிலோமீட்டருக்குக் குறையாது. அதை 120ஆல் வகுத்துப் பதின்மூன்று மணி நேரம் என்று கணக்குப் போடுவதில்தான் தப்பு ஆரம்பிக்கிறது. ஆயா இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இறங்கிக் கால் நீட்ட வேண்டும், குழந்தைக்கு நாப்கின் மாற்ற வேண்டும், வான் ரீனன் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர வேண்டும். சராசரி 80 வந்தாலே நல்ல நாள். நான் கிலோமீட்டரைப் பார்ப்பதே இல்லை. இருட்டுமுன் எங்கே சேரலாம் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவேன்.

மூன்று நாளாகப் பிரியுங்கள். டிசம்பரில் டர்பனில் ஐந்து மணிக்கெல்லாம் வெளுத்துவிடும், அப்போது கிளம்புங்கள். என்3 நெடுஞ்சாலையில் ஹாரிஸ்மித், அங்கிருந்து என்5இல் பெத்லஹேம், சாயங்காலத்துக்குள் புளூம்ஃபொன்டெய்ன். சுமார் 630 கிலோமீட்டர். மறுநாள் என்1இல் கோல்ஸ்பர்க் தாண்டி போஃபர்ட் வெஸ்ட், 540 இருக்கும். மூன்றாம் நாள் மிச்சம் 460தான். வழியில் வரும் கரூ என்கிற வறண்ட வெளியின் வெயிலில் ஏசி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை மட்டும் யோசித்து, காருக்குப் பத்து லிட்டர் தண்ணீர் வையுங்கள். போஃபர்ட் வெஸ்ட்டுக்குப் பிறகு கேமரா தனியாக வேகம் பிடிப்பதில்லை. இரண்டு கேமராவுக்கு இடையில் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்குப் பார்க்கிறது. கேமராவைக் கண்டதும் பிரேக் போடும் நம் பழக்கம் அங்கே உதவாது. இதை உங்கள் மச்சானிடம் இரண்டு தரம் சொல்லுங்கள்.

குழந்தைக்குக் கார் சீட் கட்டாயம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை மடியில் வைத்துப் போவது சட்டப்படி குற்றம், மடி ஆயாவுடையதாக இருந்தாலும்.

திரும்பும்போது கடலோரமாக என்2இல் வாருங்கள். நைஸ்னா, ட்சிட்சிகாமா எல்லாம் அந்த வழியில்தான். புளூக்ரன்ஸ் பாலத்திலிருந்து 216 மீட்டர் கீழே குதிக்கிற பங்கீ ஜம்ப்பைப் பிள்ளைகள் கேட்பார்கள். பார்க்க மட்டும் போனால் காசு மிச்சம். ஆனால் ட்ரான்ஸ்கை பகுதியைப் பகலில் மட்டும் கடக்க வேண்டும். பல இடங்களில் வேலி கிடையாது. ஒரு முறை முடாட்டாவைத் தாண்டி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வளைவு திரும்பினால் நடுரோட்டில் ஒரு கறுப்பு மாடு படுத்திருக்கிறது. வெயில் போன பிறகும் தார் ரோடு சூடாக இருக்கும், அந்தச் சூட்டுக்குத்தான் வந்து படுக்கிறது. கண் மட்டும் லைட்டில் மின்னியது. பிரேக் அடித்ததில் பின்சீட்டிலிருந்த அம்மாவின் புளிச்சோற்று வாளி உருண்டு முன்னால் வந்து என் காலடியில் நின்றது. மாடு எழுந்திருக்கவேகூட இல்லை. அன்று தாமதத்துக்குக் காரணம் ரோடு இல்லை, வழியில் ஒரு கடையில் நான் வெட்டியாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரம்.

வாடகைக்கு எடுத்த சின்னக் காரில் சானி பாஸ் மலைப்பாதையில் ஏறலாமா? நாங்கள் மூன்று பேர் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். (உம்லங்கா வாசகர்)

ஏற முடியாது தம்பி. அடிவாரத்தில் தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியிலேயே ஃபோர் பை ஃபோர் இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அண்டர்பர்க்கிலோ ஹிம்விலிலோ வண்டியை விட்டுவிட்டு, அங்கிருந்து போகிற டூர் ஜீப்பில் ஏறுங்கள். உச்சி 2,876 மீட்டர். ஜூன் ஜூலையில் ஐஸ் இருக்கும்.

அதைவிட முக்கியம், மேலே ஏறினால் அது லெசோத்தோ, வேறு நாடு. தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், இந்திய பாஸ்போர்ட்டுக்கு வேண்டும். உங்கள் தென்னாப்பிரிக்க விசா ஒரே ஒரு நுழைவுக்கானது என்றால், மதியச் சாப்பாட்டுக்கு மேலே போனவர் கீழே வர முடியாமல் நிற்பார். வாடகைக் காரைப் பற்றி இன்னொன்று: எடுக்கும்போதே நாலு டயரையும், முன் கண்ணாடியையும், அடிப்பாகத்தையும் போனில் படம் பிடியுங்கள். ஒரு நிறுவனம் நான் போகாத மண் ரோட்டுக்காக என்னிடம் பணம் கேட்டது. படம் இருந்ததால் தப்பித்தேன்.

என் மகனும் இரண்டு நண்பர்களும் ஒரு மாதம் தமிழ்நாட்டைச் சுற்றப் போகிறார்கள். தாத்தாவின் தாத்தா வந்த ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறான். எங்களுக்குத் தெரிந்தது ‘ஆற்காடு பக்கம்’ என்பது மட்டும். (பீனிக்ஸ் வாசகி)

இந்த வாரம் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். டிக்கெட் போடுமுன் அவன் செய்ய வேண்டிய வேலை டர்பனிலேயே இருக்கிறது.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு இங்கே வந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,000க்கு மேல் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் கப்பல் பட்டியலில் எழுதி வைத்தார்கள். அந்த எண் பழைய கல்யாணச் சான்றிதழிலோ பிறப்புச் சான்றிதழிலோ இருக்கும். அலமாரியின் அடித்தட்டில், பிஸ்கட் டின்னில் தேடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் தையல் மெஷின் டிராயரில் கிடைத்தது. எண் கிடைத்துவிட்டால் டர்பன் ஆவணக் காப்பகத்திலும், நகரிலுள்ள 1860 பாரம்பரிய மையத்திலும் போய்க் கேட்கலாம்.

பட்டியலில் இருக்கிற ஊர்ப் பெயர், குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியது. அதைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்; நாலைந்து தரம் உச்சரித்தால் உள்ளே இருக்கிற பாக்கமோ பட்டோ மங்கலமோ வெளியே வரும். அப்புறம் ஜில்லா. அன்றைய வடஆற்காடு இன்று ஒரு மாவட்டம் இல்லை. 1911இல் ஒரு பகுதி பிரிந்து சித்தூர் ஆனது, அது இப்போது ஆந்திரம். 1989இல் மிச்சம் இரண்டாகி, 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே ‘ஆற்காடு பக்கம்’ என்று நம்பி வேலூரில் ரூம் போட்டுவிட்டுத் தேடினால், ஊர் தெலுங்கு பேசுகிற பக்கத்தில் இருக்கலாம். தாலுகாவைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஜில்லாவை நம்பாதீர்கள்.

கிராமத்துக்குப் போனதும் நேராக வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். டீக்கடையில் உட்கார்ந்து, வயசான ஒருவரிடம் குலதெய்வக் கோயில் எது என்று கேட்கட்டும். சொந்தக்காரர் கிடைக்கவில்லை என்றாலும் ஊர் கிடைத்தால் போதும் என்ற மனதோடு போனால் ஏமாற்றம் இருக்காது. திரும்பும் வழியில் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் தில்லையாடியைப் பார்க்கட்டும். ஜொகன்னஸ்பர்கில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போய், 1914இல் 16 வயதில் இறந்த வள்ளியம்மையின் பூர்வீக ஊர் அது. நினைவு மண்டபம் இருக்கிறது.

நடைமுறை விஷயங்கள் சில. இ-விசாவுக்கு இந்திய அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா பாருங்கள், அதே மாதிரி முகத்தோடு அதிகப் பணம் பிடுங்கும் தளங்கள் உண்டு. பாஸ்போர்ட்டைக் கண்டதும் சின்ன லாட்ஜ்களில் ‘ரூம் இல்லை’ என்பார்கள். வெளிநாட்டவர் தங்கினால் ஒரு படிவத்தை அரசுக்கு அனுப்ப வேண்டும், அதற்குப் பயந்து. தமிழ் பேசுகிற பையன்தானே என்று விட மாட்டார்கள். போன் செய்து கேட்டுவிட்டுப் போகட்டும். ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கும், பொங்கல் சமயமென்றால் அன்றே முடிந்துவிடும். நம்முடைய தடித்த மூன்று முள் பிளக், அங்கே சுவரில் சாதாரண ஓட்டையில் நுழையாது, ஆனால் ஏசிக்கும் கீசருக்கும் இருக்கிற பெரிய சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும். அடாப்டர் தொலைந்த அன்று பாத்ரூம் வாசலில் போன் சார்ஜ் செய்தவன் சொல்கிறேன்.

டிக்கெட் மலிவு என்று நைரோபி வழியாக வந்தால், அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் இல்லாமல் நம் நாட்டுக்குள் விட மாட்டார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். ஒரு தரம் போட்டால் ஆயுசுக்கும் போதும்.

கணவர் வேறு ஊரில் இருக்கிறார். ஆறு வயது மகளோடு நான் மட்டும் மொரிஷியஸ் போகலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி)

தாராளமாக. நம் பாஸ்போர்ட்டுக்கு அங்கே முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம். ஆனால் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் சம்மதக் கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். கடிதத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் சத்தியப் பிரமாணம் செய்து முத்திரை வாங்கலாம், காசு கிடையாது. பெட்டிக்குள் வைத்து செக்-இன் பண்ணிவிடாதீர்கள். அந்தத் தப்பைச் செய்த ஒரு அம்மா கவுண்டரில் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். தைப்பூசத்துக்குப் போக முடிந்தால் போங்கள்; அங்கே அது அரசு விடுமுறை.

கோயம்புத்தூரிலிருந்து வந்து ஜொகன்னஸ்பர்கில் வேலை பார்க்கிறேன். நண்பர்கள் நாலு பேர், மூன்று நாள், குரூகர் வனவிலங்குப் பூங்கா. இந்திய லைசென்ஸ் செல்லுமா? இருவர் சைவம். (சாண்டன் வாசகர்)

படமும் கையெழுத்தும் உள்ள, இங்கிலீஷில் இருக்கிற லைசென்ஸ் செல்லும். வாடகை நிறுவனம் கேட்கலாம் என்பதால் சர்வதேச பர்மிட்டும் ஊரிலிருந்து எடுத்து வந்திருந்தால் நல்லது.

எல்லோரும் செய்யும் தப்பை நீங்களும் செய்யாதீர்கள்: மூன்று நாளில் பார்க் முழுவதையும் பார்க்க நினைப்பது. உள்ளே தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40தான். தெற்கிலேயே இருங்கள். லோயர் சாபியிலிருந்து ஸ்குகூசா வரை ஆற்றோரமாகப் போகும் ரோடு ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை, அதற்கு ஒரு காலைப் பொழுது போகும், போக வேண்டும். கேட் கோடையில் மாலை 6:30க்கும் குளிர்காலத்தில் 5:30க்கும் மூடும். யானைக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டால் ‘சார், யானை’ என்று சொல்வதற்குச் சலுகை கிடையாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புல் காய்ந்து, மிருகங்கள் தண்ணீருக்கு வரும், கொசுவும் குறைவு. இருந்தாலும் மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

சைவத்துக்குக் கவலை வேண்டாம். சமையல் வசதியுள்ள குடிசை எடுத்து அரிசி, பருப்பு, ஒரு ஊறுகாய் பாட்டில். கதவைத் திறந்து போட்டுவிட்டுக் குளிக்கப் போனால் ஊறுகாயைத் தவிர எல்லாவற்றையும் குரங்கு எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், வழியில் யாராவது பன்னி சோ சாப்பிடலாமா என்று கேட்டால் பதற வேண்டாம். அது ரொட்டியைக் குடைந்து உள்ளே கறியோ பீன்ஸோ நிரப்புகிற டர்பன் சாப்பாடு. ‘பீன்ஸ் பன்னி’ என்று கேளுங்கள், கோயம்புத்தூர் வீட்டில் மட்டும் சொல்லாதீர்கள். ‘ரோபோட்டில் லெஃப்ட் திரும்பு’ என்றால் டிராஃபிக் சிக்னல்.

நண்பர்களோடு போனால் ஒவ்வொரு முறையும் காசு விஷயத்தில் சண்டை. மழை வந்துவிட்டால் இன்னும் மோசம். (டோங்காட் வாசகர்)

கிளம்புமுன்பே எல்லோரும் ஒரே தொகையை ஒரே பர்ஸில் போடுங்கள். டோல், டீசல், பம்ப் பையனுக்கு டிப்ஸ், நிறுத்திய வண்டியைப் பார்த்துக்கொள்ளும் காவலாளிக்குச் சில்லறை எல்லாம் அதிலிருந்து. பர்ஸ் வண்டி ஓட்டுபவர் கையில் இருக்கக் கூடாது. எரிபொருள் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். ஏறப்போகிறது என்று தெரிந்தால் செவ்வாய் இரவே டேங்கை நிரப்புங்கள்.

மழைக்கு மருந்து துனி என்கிற நம் ஊர்ச் சீட்டாட்டம்தான். நாலு பேர், ஒன்பதிலிருந்து ஏஸ் வரை 24 சீட்டு, ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20. இரண்டு கட்டு எடுத்துப் போங்கள். ஒன்றில் எப்படியும் ஒரு ஜாக் காணாமல் போகும், தோற்றுக்கொண்டிருப்பவர் உட்கார்ந்த இடத்தில் முதலில் தேடுங்கள்.