போய்த் திரும்பியவர்களின் கேள்விகளுக்குப் பதில்

வெளிநாட்டுக் கிராமம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் தன்னார்வலராக இருந்துவிட்டு வந்தவள் நான். அப்படித் திரும்பி வருபவர்களோடு பல ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். இம்முறை வந்த கேள்விகள் இவை.

போன இடத்தில் பழகச் சிரமப்பட்டேன், அது நியாயம். சொந்த வீட்டில் ஏன் விருந்தாளி போல உணர்கிறேன்?

1955-இல் லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், வெளிநாடு போகிறவர்களின் மனநிலை உற்சாகத்தில் தொடங்கி, இறங்கி, மறுபடி ஏறுகிறது என்று எழுதினார். 1963-இல் கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதி அந்த ஏற்ற இறக்கத்தை மேலும் நீட்டினார்கள்: ஊர் திரும்பியதும் இன்னொரு இறக்கம் இருக்கிறது என்றார்கள். போகும்போது எல்லாம் புதிதாக இருக்கும் என்று மனம் தயாராகிறது. திரும்பும்போது அந்தத் தயாரிப்பு எதுவும் கிடையாது. வந்த மறுநாள் காலை, தங்கை குழாயைத் திறந்துவிட்டபடியே பல் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் கை நீட்டி அதை மூடினேன். அவள் திறந்தாள். மறுபடி மூடினேன். வாயில் நுரையோடு என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை! தண்ணீர் சுமந்து பழகிய கைக்கு வேறெதுவும் தெரியவில்லை.

"எப்படி இருந்தது?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லத் தொடங்கினால் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள்.

இரண்டு வாக்கியத்தில் ஒரு பதிலும், சின்னதாக ஒரு சம்பவமும் தயாராக வைத்திருங்கள். மிச்சத்தை உங்களைப் போல் போய்வந்தவர்களிடம் கொட்டுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம்: நீங்கள் இல்லாதபோது அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று விசாரித்தீர்களா? நான் நான்கு மாதம் விசாரிக்கவில்லை. அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்ததையே மேசை இழுப்பறையில் கிடந்த ரசீதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வந்து ஆறு வாரம் ஆகிறது. நேற்றிலிருந்து குளிர்காய்ச்சல். மலேரியா மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டேனே?

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே மருத்துவரிடம் போங்கள். எந்த நாட்டில் இருந்தீர்கள், எப்போது திரும்பினீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மலேரியா வரலாம். உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபாரம் வகை பெரும்பாலும் திரும்பிய மூன்று மாதத்துக்குள் வெளிப்படுகிறது. வைவாக்ஸ், ஓவேல் வகைகள் கல்லீரலில் ஒளிந்திருந்து, பல மாதங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டும். வழக்கமான தடுப்பு மாத்திரைகள் பலவும் அந்த ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்வதில்லை.

நேர்காணலில் "இரண்டு ஆண்டு இடைவெளி ஏன்?" என்கிறார்கள்.

இடைவெளி என்ற சொல்லை நீங்கள் ஏற்றுக்கொள்ளாதீர்கள், அது வேலை. எத்தனை பேருக்குக் கற்பித்தீர்கள், எவ்வளவு பணத்துக்குக் கணக்கு வைத்தீர்கள், எது சொதப்பியது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று சொல்லுங்கள். "வாழ்க்கையே மாறிவிட்டது" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

பேசாமல் திரும்பிப் போய்விடவா?

ஆறு மாதம் பொறுங்கள். அதன் பிறகும் அங்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று குறிப்பாக நினைவுக்கு வந்தால் விண்ணப்பியுங்கள். இங்கே பிடிக்கவில்லை என்பது மட்டும் போதாது.

அங்கிருந்த பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னேன். மூன்று மாதமாக எழுதவில்லை, வெட்கமாக இருக்கிறது.

இன்று எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம், ஜன்னல் வழியே தெரிவதை எழுதினாலே போதும். நானும் தாமதமாகத்தான் எழுதினேன். வந்த பதிலில் ஏன் தாமதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று பிள்ளைகள் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: அங்கே இப்போது மழையா?