பௌர்ணமி மனநிலையை மாற்றுமா?

கேள்வி: என் தம்பி சில ஆண்டுகளாக மனநலச் சிகிச்சையில் இருக்கிறான். பௌர்ணமி நெருங்கினால் அவனுக்குப் படபடப்பு கூடுகிறது என்றும், கடலை இழுப்பதுபோல உடம்பிலுள்ள நீரையும் நிலா இழுப்பதே காரணம் என்றும் எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சொல்கிறார்கள். இது உண்மையா?
(வாசகி ஒருவர், வண்டிப்பெரியாறு)

பதில்: உடம்பின் நீரை நிலா இழுக்கிறது என்பது சரியன்று. ஏறத்தாழ 12,700 கிலோமீட்டர் அகலமுள்ள பூமியின் ஒரு பக்கத்தில் நிலாவின் ஈர்ப்பு சற்றுக் கூடுதலாகவும் மறுபக்கத்தில் சற்றுக் குறைவாகவும் இருப்பதாலேயே கடலில் ஓதம் (நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) எழுகிறது. ஐந்தாறு அடி உயரமுள்ள மனித உடலில் அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தேக்கடி ஏரியில்கூடப் பௌர்ணமியன்று நீர் பொங்கி எழுவதை யாரும் கண்டதில்லை.

மனநல மருத்துவமனைச் சேர்க்கை, குற்றங்கள் முதலியவற்றை நிலாவோடு ஒப்பிட்ட 37 ஆய்வுகளை ராட்டன், கெல்லி என்ற இருவர் 1985இல் தொகுத்து ஆராய்ந்தபோது, பொருட்படுத்தத் தக்க தொடர்பு எதுவும் தென்படவில்லை. பௌர்ணமியன்று நேர்ந்த கலக்கம் நினைவில் தங்குகிறது, மற்ற நாள்களில் நேர்ந்தது மறந்துபோகிறது. சித்ரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு இரு மாநில மக்களும் திரளும் குமுளிப் பக்கத்தில், உறவினர் வருகையாலும் பயணத்தாலும் மாத்திரை நேரம் தவறினால், அந்தப் பழியும் நிலாவின் மேல்தான் விழும்.

ஆயினும் உறக்கத்தைப் பற்றிய செய்தியை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 33 பேரின் உறக்கப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை, நிலவொளி படாத அறையிலேயே பௌர்ணமியையொட்டி உறக்கம் சுமார் 20 நிமிடம் குறைந்ததாகக் கூறியது. பின்வந்த சில ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அர்ஜென்டினாவின் தோபா பழங்குடியினர் பௌர்ணமிக்கு முந்தைய இரவுகளில் தாமதமாக உறங்குவதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. இருமுனைக் கோளாறு (மனநிலை அளவுமீறிய எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிச் செல்லும் நோய்) உள்ளவருக்கு உறக்கக் குறைவே அந்த மிகைஎழுச்சியைத் தூண்டக்கூடும் என்பதால், உங்கள் தம்பியின் நோய் எது என்பதைப் பொறுத்து இது முக்கியமாகலாம்.

ஆகவே அவர் உறங்கிய நேரத்தையும் மாத்திரை உண்ட நேரத்தையும், நாள்காட்டியைப் பார்க்காமல், மூன்று மாதங்கள் அன்றன்றே எழுதிவையுங்கள். பிறகு அதில் பௌர்ணமி நாள்களை அடையாளமிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு, மூன்று இரவுகள் தொடர்ந்து உறக்கம் குறைந்தால், "பௌர்ணமி கழியட்டும்" என்று யார் சொன்னாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவரை அணுகுங்கள். உடனடி ஆலோசனைக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.