கன்று ஈனும் முன்பே கவனிக்க வேண்டிய தீவனம்

கேள்வி: எங்கள் பசு சென்ற ஈற்றில் நஞ்சுக்கொடி போடவில்லை, பத்தாம் நாள் மடிநோயும் வந்தது. இப்போது எட்டு மாதச் சினை. வைக்கோலும் அடர்தீவனமும்தான் கொடுக்கிறோம். ஈன்ற அன்று வைட்டமின் ஈ ஊசி போட்டால் போதுமா?

பதில்: போதாது. அன்று போடும் ஊசி காலம் கடந்தது. நஞ்சுக்கொடி கருப்பையோடு ஒட்டியிருக்கும் முடிச்சுகளை விடுவிப்பதில் வெள்ளை அணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மடிக்குள் நுழையும் கிருமியைக் கொல்வதும் அவைதான். ஈனும் வாரத்தில் பசு தின்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்ட உடல் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகும்போது, செல்களை அரிக்கும் ஆக்சிஜன் கழிவுகள் பெருகுகின்றன. அதே சமயம் அந்தக் கழிவுகளிலிருந்து செல்களைக் காக்கும் வைட்டமின் ஈ இரத்தத்திலிருந்து சீம்பாலுக்குள் இறங்கிவிடுகிறது. காப்பு இல்லாத வெள்ளை அணுக்கள் சோர்ந்து போகின்றன. உங்கள் பசுவுக்கு வந்த இரண்டு நோய்களுக்கும் இது பொதுவான காரணமாக இருக்கலாம். கால்சியம் குறைவும் நஞ்சுக்கொடி தங்கக் காரணமாகும், அதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

வைக்கோலில் வைட்டமின் ஈ அநேகமாக இல்லை. பசும்புல்லில் நிறைய உண்டு, காய்ந்து கிடக்கக் கிடக்கக் குறையும். பசுந்தீவனம் கிடைத்தால் இன்றே சேருங்கள். கிடைக்காவிட்டால், 500 கிலோ எடையுள்ள பசுவுக்குப் பால் வற்றிய காலத்தில் தினம் 800 யூனிட், கடைசி மூன்று வாரம் 1,500 யூனிட் வைட்டமின் ஈ தீவனத்தில் வேண்டும். அதற்கு மேல் அள்ளிக் கொடுப்பதால் பலன் கூடாது.

வைட்டமின் ஈயோடு சேர்ந்து செல்களைக் காக்கும் தாதுவான செலினியத்தில்தான் எனக்குப் பயம். உலர்பொருள் (ஈரம் நீக்கிய தீவன எடை) கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், அதாவது தினம் 10 கிலோ உலர்பொருள் தின்னும் பசுவுக்கு 3 மில்லிகிராம்தான் தேவை. தாது உப்புக் கலவை, தனிப் பொடி, ஊசி என்று மூன்றிலும் சேர்ந்தால் நஞ்சாகிவிடும். கலவைப் பையில் எழுதியிருக்கும் அளவை மருத்துவரிடம் காட்டி, ஊசி தேவையா என்று அவர் கணக்குப் பார்க்கட்டும். துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு அந்தக் கலவையிலேயே இருக்கும்.

சிக்கு வாடை அடிக்கும் புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். கெட்ட எண்ணெய் வைட்டமின் ஈயைத் தின்றுவிடும். பசு ஏற்கெனவே கொழுத்திருந்தால் ஆபத்து அதிகம். ஆனாலும் இப்போது பட்டினி போட்டு இளைக்க வைக்காதீர்கள், கொழுப்பு இன்னும் வேகமாகக் கரையும்.

இந்த முறையும் 24 மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழாவிட்டால் பிடித்து இழுக்கவோ எடை கட்டவோ கூடாது, கருப்பை கிழிந்து புண்ணாகும். உடல் வெப்பம் 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ தீவனம் எடுக்காவிட்டாலோ அன்றே மருத்துவரை அழையுங்கள்.