பதிவேட்டில் முழுச் சம்பளம், கையில் குறைவு: வழக்குப் போடலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் ஆறு ஆண்டுகளாகப் பேக்கிங் வேலை செய்கிறேன். பதிவேட்டில் முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு 3,500 ரூபாய் குறைத்தே தருகிறார்கள். குறைந்தபட்ச ஊதியம் உயரப்போகிறது என்று பேச்சு வந்ததும் கேட்டேன். "உயர்த்தினால் கடையை மூட வேண்டியதுதான்" என்று எல்லோர் முன்னாலும் முதலாளி திட்டினார். மகள் கல்யாணத்துக்கும் உதவவில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, திட்டியதற்கும் கல்யாணத்துக்கு உதவாததற்கும் இந்த வழக்கில் இடமில்லை. உயரப்போகும் ஊதியத்துக்கும் இல்லை. அரசாணை வராத உயர்வை யாரும் கோர முடியாது. இப்போது நடப்பில் உள்ள அடிப்படை ஊதியமும், சென்னை விலைவாசிப் புள்ளியை ஒட்டி ஏப்ரல்தோறும் மாறும் பஞ்சப்படியும் உங்கள் கைக்கு முழுதாக வந்தனவா என்பது ஒன்றே கேள்வி. 'கடை தாங்காது' என்பது பதிலே ஆகாது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆபத்து உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. முழு ஊதியம் கொடுத்ததை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும், உண்மை. ஆனால் அந்தப் பதிவேட்டை அவர் நீட்டினால், அது பொய் என்று காட்டும் பொறுப்பு உங்கள் மேல் விழும். உடன் வேலை செய்பவர்கள் சாட்சி சொல்வார்கள் என்று நம்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விசாரணை நாளில் சாட்சிகள் வருவதில்லை. அவர்களும் அங்கேதான் பிழைக்க வேண்டும். இன்னொன்று இதைவிட மோசம். மனு போட்டதும் முதலாளி கூப்பிட்டு அன்பாகப் பேசுவார், கொஞ்சம் பணம் வைப்பார், 'கணக்குத் தீர்ந்தது, நானே விலகுகிறேன்' என்று ரெவின்யூ ஸ்டாம்பில் கையெழுத்து வாங்குவார். பாக்கியோடு வேலையும் போய்விடும்.

2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, பாக்கி கேட்டு மனு போட மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது. அதற்கு முந்தைய மாதங்களுக்கு, பழைய 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் ஆறு மாதக் கெடுவை எதிர்த்தரப்பு இறுகப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே சமரசத்துக்குப் போங்கள். தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் மட்டும் பேசுங்கள். ஆறு ஆண்டுப் பாக்கியும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். இனி முழுச் சம்பளமும் வங்கிக் கணக்கில் வர வேண்டும், அதில் ஒரு ரூபாயும் திருப்பிக் கேட்கக் கூடாது என்று முதலில் எழுதி வாங்குங்கள். பாக்கிக்கு ஒரு தொகை பேசுங்கள். விலகல் கடிதத்தை இதோடு சேர்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த மாதம் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது, உண்மையில் வாங்கிய தொகையைப் பக்கத்தில் எழுதுங்கள். எழுத விடவில்லை என்றால் அன்றே அதிகாரியிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.