சட்டம் கேளுங்கள்: கணக்கில் ஏறாத மணல்

கேள்வி: குளச்சலுக்கு மேற்கே உள்ள ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. கரையை ஒட்டி வரவிருக்கும் கட்டுமானத்துக்கான ஆய்வறிக்கையில் முதலீடு, வேலைவாய்ப்பு, வருவாய் எல்லாம் அட்டவணையாக இருக்கின்றன. பெண்கள் நெத்திலி காயப்போடும் மணற்பரப்புக்கோ ‘பயன்பாடற்ற புறம்போக்கு’ என்ற இரண்டு சொற்கள்தாம். முடிவெடுக்கும் முன் நன்மையையும் இழப்பையும் அரசு எடைபோட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? எடை தவறினால் நீதிமன்றம் தலையிடுமா?
– மீனவக் குடும்பத்து வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: நீங்கள் அனுப்பிய பக்கத்தின் நகலை இருமுறை படித்தேன், சகோதரி. முட்டம் பக்கத்தில் நெத்திலி காய்வதைப் பல காலைகளில் பார்த்திருக்கிறேன். மணலில் பழைய வலையை விரித்து, மீன் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி பரப்பி, வெயில் ஏறியதும் கையால் புரட்டிப்போட்டு, பொழுது சாயும்போது உதறிக் கூடையில் அள்ளுவார்கள். ஈரத்தை இழுத்துக்கொள்ளும் அந்த மணலுக்கு யாரும் வாடகை கேட்பதில்லை. வாடகை இல்லாததால் ரசீது இல்லை. ரசீது இல்லாத ஒன்று அறிக்கை எழுதுபவரின் கண்ணில் படுவதும் இல்லை.

இனி சட்டம். ஒவ்வொரு ஒழுங்குமுறைக்கும் செலவு–பயன் கணக்குப் போட்டே தீர வேண்டும் என்று கட்டளையிடும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் 1981இல் குடியரசுத் தலைவர் ரீகனும், அதற்குப் பதிலாக 1993இல் கிளிண்டனும் பிறப்பித்த ஆணைகள் பெரிய ஒழுங்குமுறைகளுக்கு அத்தகைய கணக்கைக் கோருகின்றன. இங்கே, வரைவுச் சட்டங்களையும் விதிகளையும் 30 நாள் பொதுவில் வைத்து, நிதிச்சுமையையும் மக்களின் வாழ்வாதாரத்தின் மீதான தாக்கத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று மத்திய அரசின் செயலாளர்கள் குழு 2014 ஜனவரியில் முடிவு செய்தது. ஆனால் அது கொள்கை முடிவுதானே தவிர, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல.

உங்கள் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துவது 2006 செப்டம்பர் 14ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. ஆய்வறிக்கையில் எந்தெந்த அத்தியாயங்கள் இடம்பெற வேண்டும் என்று அதன் பின்னிணைப்பு வரிசைப்படுத்துகிறது. அதில் சுற்றுச்சூழல் செலவு–பயன் பகுப்பாய்வும் ஒன்று. எனினும், ஆய்வின் எல்லையை வரையறுக்கும் தொடக்கக் கட்டத்தில் பரிந்துரைக்கப்பட்டால் மட்டுமே அது தேவை என்று அங்கேயே ஒரு நிபந்தனையும் உண்டு. என் பார்வையில் அந்த அறிவிக்கையின் பெரிய ஓட்டை இதுதான். யாரும் கேட்காவிட்டால் இழப்பைக் கணக்கிடாமலே அறிக்கை முழுமை பெற்றுவிடுகிறது. காட்டு நிலத்தின் நிலைமை இதைவிட மேல்; அதை வேறு பயனுக்கு மாற்றும் கருத்துருக்களில் செலவு–பயன் கணக்குக் கேட்கப்படுகிறது, காட்டின் நிகர நிகழ்கால மதிப்பை, அதாவது அது வருங்காலத்தில் தரக்கூடிய பயன்களின் இன்றைய மதிப்பை, செலுத்த வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. கடற்கரை மணலுக்கு அப்படியொரு பாதுகாப்பு வாய்க்கவில்லை.

நீதிமன்றம் தலையிடுமா என்றால், அரசின் கணக்கை நீதிபதிகள் தாங்களே திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை. கருத வேண்டியதைக் கருதினார்களா, கேட்க வேண்டியவர்களைக் கேட்டார்களா, சொன்ன காரணம் முடிவோடு பொருந்துகிறதா என்பதைத்தான் சோதிப்பார்கள். அழைப்பு துண்டிக்கப்பட்டால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விதியை 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மக்களுக்கு நன்மை தரும் நோக்கமுள்ள விதிதான். ஆயினும் அதற்குச் சொல்லப்பட்ட அடிப்படை நிற்கவில்லை, வெளிப்படைத்தன்மையும் போதவில்லை என்று நீதிமன்றம் கண்டது. நிறுவனங்களுக்குக் கைகொடுத்த அந்த அளவுகோல் உங்கள் ஊருக்கும் கைகொடுக்க வேண்டும்.

ஆகவே ‘எங்கள் மணலை எடுக்காதீர்கள்’ என்பதோடு உங்கள் மனுவை நிறுத்திக்கொள்ள வேண்டாம். எத்தனை குடும்பங்கள் அங்கே காயப்போடுகின்றன, ஆண்டில் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை கூடை, மணல் போய்விட்டால் அதே வேலைக்குச் சிமெண்டுத் தளமோ உலர்த்தும் பரணோ அமைக்க என்ன செலவாகும் என்பதை ஊரார் கூடி எழுதித் தாருங்கள். மாற்று ஏற்பாட்டின் செலவைக் கொண்டு இழப்பை மதிப்பிடுவது பொருளியலாளர்கள் ஏற்றுக்கொண்ட முறைதான். எழுத்தில் வந்துவிட்ட எண்ணை மறுத்தால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய நிலை எதிர்த்தரப்புக்கு வரும்.

கேள்வி: உயிருக்கும் வாழ்வுக்கும் ரூபாயில் விலை போடுவதே அநியாயம் இல்லையா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்

பதில்: ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. 70 வயதைக் கடந்தவர்களின் உயிருக்கு 37 சதவீதம் குறைந்த மதிப்பு வைத்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை போட்ட ஒரு கணக்கு 2003இல் வெளியே தெரிந்ததும் முதியோர் கொதித்தெழுந்தார்கள்; முகமை அதைக் கைவிட்டது. ஆனால் அந்தத் தவறு தெரியவந்ததே அது எண்ணாக எழுதப்பட்டிருந்ததால்தான்.

என்னை அதிகம் உறுத்துவது கழிவு விகிதம். வருங்கால இழப்பை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுக்கு 8 சதவீதம் கழித்தால், 50 ஆண்டு கழித்து நேரும் 100 ரூபாய் இழப்பு இன்றைய கணக்கில் ஏறத்தாழ 2 ரூபாய்தான். கடலரிப்பு மெல்ல மெல்ல வருவது. பேரப்பிள்ளைகள் காலத்தில் தெரு கடலுக்குள் போனாலும் அட்டவணையில் அது சில்லறையாகவே நிற்கும். எந்த விகிதம், ஏன் என்று கேட்பதற்கு ஒருவர் பொருளியல் படித்திருக்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும் ரூபாயின் தட்டில் வைக்க வேண்டும் என்று நம் நீதிமன்றங்களும் சொல்லவில்லை. பாலாற்றுப் படுகைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய 1996 தீர்ப்பில், அத்தொழில் ஈட்டும் அந்நியச் செலாவணியின் முக்கியத்துவத்தை ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றம், சூழலைச் சீரழிக்க அது உரிமை தராது என்றது. தீங்கு முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கை நம் சட்டத்தின் பகுதி என்றும், தன் செயலால் தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றும் கூறியது.

கேள்வி: கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தமிழில் பேசினால் பதிவாகுமா? அதன் பிறகு எங்கே முறையிடுவது? – வாசகர், தக்கலை

பதில்: பதிவாக வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவிப்புத் தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே வாசித்து, உள்ளூர் மொழியில் விளக்க வேண்டும். அந்த நேரம் வரை கலையாமல் இருந்து, நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அப்போதே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள். எழுத்து மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டுவிட்டால் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்; நமக்குச் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தாமதத்தை ஏற்பார்கள், அதற்குப் பின் ஏற்க முடியாது.